பச்சை உடுப்பு, மஞ்சள் மூடி

பாரிஸில் பல தெருக்களுக்குக் காலையிலேயே குப்பை வண்டி வந்துவிடுகிறது. ஓட்டுநர் ஒருவர், பின்னால் இரும்புப் படியில் தொற்றிக்கொண்டு இரண்டு பேர். வண்டி முழுதாக நிற்பதற்குள் இருவரும் குதித்து இறங்குகிறார்கள். ஆளுக்கொரு சக்கரத் தொட்டியைச் சரித்து இழுத்து வந்து வண்டியின் கொக்கியில் மாட்டுகிறார்கள். தொட்டி மேலே போய்க் கவிழ்கிறது, இரண்டு முறை உதறுகிறது, இறங்குகிறது. காலித் தொட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அடுத்த வாசலுக்கு ஓட்டம். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன. இருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சுமை முழங்காலில்தான் விழுகிறது. மழைநாளில் படி வழுக்கும். கண்ணாடிப் புட்டிகள் போடும் தொட்டியாக இருந்தால் சத்தம் காதைப் பிளக்கும். அருகே நின்று பார்த்தபோது என் கண்ணில் பட்டது கைகளின் கணக்கு: கைப்பிடியைத் தொட்ட மாத்திரத்தில் தொட்டியின் எடை அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கனமான தொட்டியை ஒருவர் தனியாக இழுப்பதில்லை. மற்றவர் சொல்லாமலே வந்து கைகொடுக்கிறார்.

தொட்டியைத் தெருவுக்குக் கொண்டுவருவது கட்டடக் காவலாளியின் வேலை. படிக்கட்டைக் கழுவுவது, தபால்களைப் பிரித்துக் கொடுப்பது, முற்றத்திலிருந்து தொட்டிகளை உருட்டி வருவது எல்லாம் அவரே. 1960களிலிருந்து இந்த வேலைக்குப் போர்த்துகீசியப் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். இப்போது பல கட்டடங்களில் காவலாளியே இல்லை. ஒப்பந்த ஆள் வந்து தொட்டியை வெளியே வைத்துவிட்டுப் போகிறார்.

மூடியின் நிறம்தான் விதி. மஞ்சள் மூடியில் காகிதம், அட்டை, தகர டப்பா, பிளாஸ்டிக் உறைகள். வெள்ளை மூடியில் கண்ணாடிப் புட்டிகள். பச்சை மூடியில் மிச்சமெல்லாம். பழைய கட்டடங்களின் குறுகிய முற்றத்தில் மூன்று தொட்டிக்கு இடம் இருக்காது. அங்கே குடியிருப்பவர்கள் புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனையில் உள்ள கண்ணாடிக் கலத்துக்கு நடக்கிறார்கள்.

வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்வது பாரிஸுக்குப் புதிதல்ல. 1883 நவம்பரில் சேன் மாவட்ட ஆட்சியராக இருந்த யூஜின் பூபெல் ஒரு ஆணை போட்டார். கட்டட உரிமையாளர்கள் குடியிருப்போருக்கு மூடியுள்ள கலங்கள் தரவேண்டும். அழுகும் குப்பை ஒன்றில், காகிதமும் துணியும் இன்னொன்றில், கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகள் மூன்றாவதில். உரிமையாளர்கள் செலவுக்கு முணுமுணுத்தார்கள். தெருக்குப்பையைக் கிளறிக் கந்தலும் எலும்பும் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஆயிரக்கணக்கானோர் பிழைப்புப் போகிறதென்று எதிர்த்தார்கள். கலம் நிலைத்தது, பிரிப்பது நிலைக்கவில்லை. அது திரும்பி வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

தெருவைச் சுத்தம் செய்பவர்களின் வேலை வேறு வகை. பாரிஸில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இரண்டு நீர்க்குழாய் வலைகள் இருக்கின்றன. ஒன்று குடிநீருக்கு. மற்றொன்றில் சேன் ஆற்றிலிருந்தும் ஊர்க் (Ourcq) என்ற கால்வாயிலிருந்தும் எடுத்த, குடிக்க உதவாத நீர் ஓடுகிறது. தெரு கழுவவும் பூங்காக்களுக்குப் பாய்ச்சவும் இதுதான். பச்சை உடுப்புப் பணியாளர் நடைபாதை ஓரத்தில் இருக்கும் துவாரத்தைச் சாவி போட்டுத் திறக்கிறார். நீர் குபுகுபுவென்று வருகிறது. கயிற்றால் கட்டிய பழைய கம்பளச் சுருள் ஒன்றைக் காலால் நகர்த்தி வைக்கிறார். வயலில் மடை மாற்றுவதுபோல நீர் அவர் சொன்ன பக்கம் திரும்பி ஓடுகிறது. பிறகு நீண்ட பச்சைப் பிளாஸ்டிக் துடைப்பத்தால் சிகரெட் துண்டு, இலை, காகிதம் எல்லாவற்றையும் நீரோடு சேர்த்துச் சரிவில் தள்ளிக்கொண்டே போகிறார். பெரிய குப்பையைச் சாக்கடை வாய்க்கு வருமுன் அள்ளிவிடுகிறார். எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

ஈழத்தமிழர்களின் கடைத்தெருவான லா ஷப்பேலில் ஆண்டுதோறும் கோடை முடிவில் பிள்ளையார் தேர் ஓடுகிறது. வழியெங்கும் சிதறுதேங்காய் உடையும். அந்த ஓடுகளைக் கூட்டி அள்ளுவதும் இதே துடைப்பம்தான்.

தெருவோரத் தொட்டி என்று பெரும்பாலும் கண்ணில் படுவது ஒரு வளையமும் அதில் தொங்கும் ஒளி ஊடுருவும் பையும். 1995இல் ரயிலிலும் தெருவிலும் குண்டுகள் வெடித்தபோது நகரத் தொட்டிகளை மூடி முத்திரையிட்டார்கள். அதன் பின் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பைகள் வந்தன.

மஞ்சள் மூடிக் குப்பையின் ஒரு பகுதி, நகரத்தின் வடமேற்கில் பத்தினியோல் பகுதியில் 2019இல் திறந்த பிரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சுழலும் உருளைகள் அளவு வாரியாகச் சலிக்கின்றன. காந்தம் இரும்பை இழுக்கிறது. அகச்சிவப்புக் கண்கள் பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டுபிடிக்க, காற்றுப் பீற்றல் அதைத் தனியே தள்ளுகிறது. இத்தனைக்கும் பிறகு பட்டையின் இருபுறமும் மனிதர்கள் நிற்கிறார்கள். கையுறை போட்ட கைகள் ஓயாமல் எதையாவது பொறுக்கி எடுக்கின்றன: செருப்பு, மின்கம்பி, உடைந்த கண்ணாடி. இறுகக் கட்டிய பையை இயந்திரத்தால் பார்க்க முடியாது. தயிர்க் கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணத்தைச் செருகிப் போட்டால் உள்ளே இருப்பதும் தெரியாது. பையில் கட்டாமல், ஒன்றுக்குள் ஒன்று திணிக்காமல் போடச் சொல்வது இதனால்தான். எல்லாவற்றிலும் கொடியது ஊசி. வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்கு மருந்துக் கடைகள் இலவசமாகப் பெட்டி தருகின்றன. அப்படியும் ஊசி பட்டையில் வந்துவிடுகிறது. குத்தினால் மருத்துவமனை, பரிசோதனை, வாரக்கணக்கில் கவலை.

பச்சை மூடிக் குப்பை எரிஉலைக்கு. ஐவ்ரி, சாந்துவான், இசி ஆகிய மூன்று புறநகர் உலைகளை நடத்துவது சிக்தோம் என்ற கூட்டமைப்பு. பாரிஸும் சுற்றுப்புறமும் சேர்ந்து சுமார் 60 லட்சம் மக்களின் குப்பையை அது கையாள்கிறது. எரியும் வெப்பத்தில் உண்டாகும் நீராவி நிலத்தடிக் குழாய் வழியே வீடுகளையும் மருத்துவமனைகளையும் சூடேற்றுகிறது.

இந்த ஏற்பாட்டில் மனிதனின் பங்கு எவ்வளவு என்பதை 2023 மார்ச் மாதம் காட்டியது. பாரிஸின் 20 வட்டாரங்களில் பாதியில் குப்பை எடுப்பவர்கள் மாநகராட்சி ஊழியர்கள், மீதியில் தனியார் நிறுவனத்தார். ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து மாநகராட்சி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று உலைகளும் நின்றன. 57 வயதில் ஓய்வு பெற்றுவந்த குப்பை எடுப்பவர்களின் ஓய்வு வயதை 59 ஆக்க முனைந்தது அந்தச் சீர்திருத்தம். மூன்று வாரத்தில், உச்சத்தில் சுமார் 10,000 டன் குப்பை தெருவில் குவிந்தது. உணவகங்களின் வெளி மேசைகளுக்குப் பக்கத்திலேயே ஆளுயரத்துக்குப் பைகள் கிடந்தன.

2024 ஜனவரியிலிருந்து பிரான்ஸ் முழுவதும் சமையலறைக் கழிவையும் தனியே பிரிக்க நகரங்கள் வழிசெய்ய வேண்டும் என்பது சட்டம். பாரிஸில் இதற்காகத் தெருக்களில் உணவுக்கழிவுக் கலங்கள் வைத்திருக்கிறார்கள். சேருவது உரமாகவோ எரிவாயுவாகவோ மாறுகிறது. நல்ல காரியம். ஆனால் கலம் கூடினால் அதைக் காலி செய்யும், கழுவும் வேலையும் கூடும். அதற்கேற்ப ஆள் கூட்ட வேண்டும். படியில் ஏறி இறங்கிய முழங்கால் தேய்ந்துபோகுமுன் அந்த ஆளுக்கு ஓய்வும் தர வேண்டும். பாரிஸ் துப்புரவாளர்கள் தெருவில் நின்று கேட்டது அந்த ஓய்வைத்தான், கேட்டது நியாயமே.