மலைப்பு

'டாண்டிங்' என்ற ஆங்கிலச் சொல்லை 'ஊக்கம் கெடுக்கிற' என்று தமிழாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊக்கம் கெட்டவன் வேலையை விட்டு எழுந்துவிடுகிறான். இச்சொல்லோ, வேலையின் முன் நின்று அதன் அளவைப் பார்ப்பவனுக்கு உரியது. இதன் லத்தீன் வேரான 'டொமாரே' விலங்கைப் பழக்கி அடக்குவதைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அன்று அடக்கியவன் மனிதன். இன்று வேலை அவனை அடக்கப் பார்க்கிறது. அடங்காதவனைச் சொல்லும் 'இன்டாமிடபிள்' என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். தமிழில் நமக்கு 'மலைப்பு' இருக்கிறது. நீண்ட நாவல் ஒன்றை மொழிபெயர்க்க எடுத்து, முதல் பக்கத்திலேயே பல நாட்கள் உட்கார்ந்திருந்தேன். அதற்குச் சோர்வு என்று பெயர் வைத்திருந்தால் புத்தகத்தை மூடியிருப்பேன். மலைப்பு என்று தெரிந்ததால் இரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.