நாலடி என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வில்லியனூர்ப் பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் பாகூரில் என் வீட்டுக்கு வந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். "சார், டேபிள் ரம்பத்துக்கு ஸ்லைடிங் டேபிள் வாங்கணும். கடைக்கு நீங்களும் வாங்க."

"எனக்கு என்னடா தெரியும்?"

"அளவு தெரியுமே சார்."

அப்போதுதான் அவன் இடது கட்டைவிரலைப் பார்த்தேன். பாதி நகம் இல்லை. குட்டையான பலகையை நீளவாட்டுக் கைடில் அணைத்துக் குறுக்கே அறுத்திருக்கிறான். பலகை லேசாகத் திரும்பி, கைடுக்கும் ரம்பத்துக்கும் நடுவே இறுகிவிட்டது. பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி அவன் மேலேயே எறிந்திருக்கின்றன. திருக்காமீசுவரர் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர் கொஞ்சம் அசந்தால் என்ன ஆகும் என்று வில்லியனூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கதைதான்.

ஸ்லைடிங் டேபிளில் பலகை உரசி நகராது. பலகையைச் சுமந்துகொண்டு மேசையே தண்டவாளத்தில் ஓடும். கை ரம்பத்தை விட்டுத் தள்ளியே இருக்கும். 1906-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் என்ற தச்சர் கண்ட வழி இது.

முதலில் அவனுக்குப் பெரிய பேனல் ரம்பமே வாங்கிவிட ஆசை. "ஷெட் எத்தனை அடி?" என்றேன். 14 என்றான். எட்டடிப் பிளைவுட்டை நீளவாட்டில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். ஆள் நிற்க இடம் தனி. அவனே சிரித்துவிட்டான். ஆக, இருக்கிற ரம்பத்தோடு பொருத்தும் இணைப்புதான் என்று முடிவானது.

கடையில் ஒன்று 1200 மில்லிமீட்டர் ஓடும், இன்னொன்று 1600. முதலாவது விலை குறைவு. "நாலடி ஷீட்டுக்கு இது போதும் சார்" என்றான்.

"நாலடி என்றால் எத்தனை மில்லிமீட்டர்?"

விரல்விட்டு எண்ணினான். ஓர் அடி 304.8. நாலடி 1219.2. அங்கேயே 19 குறைகிறது. அதோடு, மேசைக்கு மேல் தெரியும் ரம்பத்தின் நீளத்தையும் பலகை தாண்டினால்தான் வெட்டு முடியும். 1600-ஐயே எடுத்தோம். நீங்கள் யாராவது வாங்கினால், கடைக்காரர் சொல்லும் எண் மேசையின் ஓட்டமா, அறுக்கும் நீளமா என்று கேளுங்கள். 18 மில்லிமீட்டர் முழு ஷீட் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதைத் தாங்கத் தனிக் கால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொருத்திய அன்று பட்டறைக்குப் போனேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்து "சரியா இருக்கு" என்றேன். அவன் ஒப்பவில்லை. ஒரு பலகையை எடுத்து, வெட்டிய பக்கத்தையே கைடில் அணைத்து, திருப்பித் திருப்பி நாலு பக்கமும் வெட்டினான். ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு பட்டை எடுத்தான். 50 சென்டிமீட்டர் நீளப் பட்டை. இரண்டு முனைகளின் அகலத்துக்கும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம்.

"நாலால வகுக்கணும் சார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் தப்பு சேர்ந்துக்கிட்டே வரும்."

அரை மில்லிமீட்டர். மூலைமட்டத்தில் என் கண்ணுக்குத் தெரியாத பிழையை நாலு மடங்காக்கிக் காட்டிவிட்டான். முப்பது வருடம் செங்கோணம் நடத்திய எனக்கு இது தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் இதே பையனை எழுப்பி நிறுத்தி, "உனக்குக் கணக்கு வராது, போய் இழைப்புளி தள்ளு" என்று வகுப்பே சிரிக்கச் சொன்னவன் நான்.

"நான் அன்னிக்குச் சொன்னது ஞாபகம் இருக்காடா?" என்று கேட்டேன்.

கைடு திருகை முடுக்கிக்கொண்டே, "இருக்கு சார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

"தப்புடா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த முனையைப் பிடிங்க சார், இன்னொரு தடவ வெட்டிப் பார்ப்போம்" என்றான். பிடித்தேன்.

இதைப் படிப்பவர்களில் வேறு யாரையாவது நான் அப்படிச் சொல்லியிருந்தால், தயங்காமல் எழுதுங்கள். அல்லது வீட்டுக்கு வாருங்கள். மாலையில் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்