காதுமடலும் ஏலச்செடியும்

மரபியலை முதன்முதலாக அறிமுகப்படுத்தும் வகுப்புகள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்குகின்றன. நாக்கைக் குழல்போல் சுருட்டத் தெரிந்தவர்கள் கையை உயர்த்த வேண்டும். காதுமடல் ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பின்பு வீட்டிற்குச் சென்று அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஆகியோரிடமும் இதையே கேட்டு அட்டவணையை நிரப்பி வர வேண்டும். செலவில்லாத பயிற்சி, பிள்ளைகளும் சிரித்து மகிழ்வார்கள். ஆயினும் இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறை போன்ற ஊரில், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த அட்டவணையைக் கொடுக்கும் முன் ஆசிரியர் சற்று யோசிக்க வேண்டும்.

முதற்காரணம், அதன் அறிவியலே பிழையானது. நாக்குச் சுருட்டல் ஓங்குபண்பாகக் கடத்தப்படுகிறது என்று 1940இல் எழுதியவர் பழ ஈ ஆய்வுகளால் பெயர்பெற்ற ஸ்டர்ட்டிவன்ட். 1952இல் மேட்லாக் 33 இணை ஒருகரு இரட்டையரைச் சோதித்தபோது, 7 இணைகளில் ஒருவருக்கு நாக்குச் சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே மரபணுத் தொகுதி உடையவர்களிடையே இந்த வேறுபாடு என்றால் ஒற்றை மரபணு விளக்கம் நிற்காது. ஸ்டர்ட்டிவன்ட் இதை ஏற்றுக்கொண்டார். தமது பழைய கூற்று இன்னும் நூல்களில் இடம்பெறுவது சங்கடமளிப்பதாக 1965இல் வெளியான மரபியல் வரலாற்று நூலில் குறிப்பிட்டார். பாடம் நடத்துவோர்தாம் அதைக் கைவிடவில்லை. காதுமடலின் நிலையும் இதுவே. ஒட்டியது, ஒட்டாதது என்னும் இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் ஏராளம். 2017இல் வெளியான ஆய்வொன்று அவ்வமைப்போடு தொடர்புடைய 49 மரபணு இடங்களைக் கண்டறிந்தது.

இரண்டாம் காரணம் அட்டவணையில் 'அப்பா' என்று எழுதியிருக்கும் கட்டம். பாட்டியிடம் வளரும் பிள்ளை, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, தந்தை முகம் அறியாத பிள்ளை ஆகியோர் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். பெற்றோரில் ஒருவர் எஸ்டேட் லயத்திலும் மற்றவர் போடி, தேனிப் பக்கத்திலும் பிழைப்பைத் தேடும் பகுதியில் இது அரிதன்று. அதனினும் கொடியது, கட்டங்கள் அனைத்தும் நிரம்பியும் கணக்கு ஒத்துவராத நிலை. பெற்றோர் இருவருக்கும் இல்லாத 'ஓங்குபண்பு' பிள்ளைக்கு இருந்தால், பன்னிரண்டு வயதுக் குழந்தை அதிலிருந்து என்ன முடிவுக்கு வரும்? பொய்யான ஒரு விதியை நம்பித் தன் தாயை ஐயுறும் நிலைக்கு ஒரு குழந்தையைத் தள்ள எந்தப் பாடத்திட்டத்திற்கும் உரிமை இல்லை.

மாற்று வழியைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கு வெளியே ஏலத்தோட்டம். பாரம்பரியமாக ஏலத்தில் மூன்று வகைகள் சொல்லப்படுகின்றன. மலபார் வகையின் சரம் தரையோடு படரும். மைசூர் வகையின் சரம் நிமிர்ந்து நிற்கும். வழுக்கையின் சரம் இரண்டிற்கும் இடைப்பட்டது. வழுக்கை அவ்விரண்டின் இயற்கைக் கலப்பு என்று கருதப்படுகிறது. சரம் பார்த்துக் காய் பறிக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஞள்ளானி வேண்டுமென்றால் ஏன் விதையைப் போடாமல் கிழங்கோடு பக்கக் கன்றைப் பிரித்து நடுகிறார்கள்? விதையிட்டால் தேனீ கொண்டுவந்த மகரந்தத்தின் பங்கும் சேரும். நாற்றுக்கு நாற்று வேறுபடும். பக்கக் கன்றில் தாய்ச்செடியின் மரபணுக்கள் மாற்றமின்றி வந்துவிடுகின்றன. பாலினப் பெருக்கத்துக்கும் உடல்வழிப் பெருக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். அதே கன்றுகளை அடர்நிழலில் சிலவும் சீராகக் கவாத்து செய்த மரத்தடியில் சிலவுமாக நட்டால் விளைச்சல் ஒன்றாக இராது. மரபணு ஒன்று, பலன் வேறு.

மென்டலுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை போதும். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த இரண்டு கொட்டைகளை உருட்டுவது. ஒன்று தாய், மற்றது தந்தை. ஒரு கறுப்பு விழுந்தாலும் கறுப்பு. இரண்டும் வெள்ளையானால் மட்டுமே வெள்ளை. எட்டு முறை உருட்டிய பிள்ளைக்கு வெள்ளை நான்கும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். வகுப்பில் முப்பது பேர் ஆளுக்கு இருபது முறை உருட்டி, எல்லாவற்றையும் கரும்பலகையில் கூட்டினால், அறுநூறில் ஏறக்குறைய நூற்றைம்பது வெள்ளை வரும். 1866இல் வெளியான கட்டுரையில் மென்டல் தந்த கணக்கு 5,474 உருண்டை, 1,850 சுருங்கல். அவர் ஏன் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாணிகளை எண்ணினார் என்பது அப்போது விளங்கும். பாடநூல் சதுரக்கட்டம் இதை ஒருபோதும் உணர்த்துவதில்லை.

தமிழில் இப்பாடத்துக்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. 'மரபு' என்னும் சொல் மரபணுவிலும் இருக்கிறது, குலத்தொழிலிலும் இருக்கிறது. லயத்தில் பிறந்தவர் லயத்திலேயே வாழ்வார் என்பதைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே பலர் வாயால் கேட்டிருப்பார்கள். சொத்து, கடன், சாதி, கூலி எல்லாம் தலைமுறை தாண்டி வருகின்றன. அவற்றுள் எதுவும் குரோமோசோம் வழியாக வருவதில்லை. இதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிழலில் நட்ட கன்றையும் வெளிச்சத்தில் நட்ட கன்றையும் பார்த்துவிட்டு வந்த வகுப்பில் சொல்வது எளிது.

நேரம் இருந்தால் குறிஞ்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதையிட்டு, மடிகிறது. இரவிகுளத்தில் 2006இலும் 2018இலும் பூத்தது; சாந்தன்பாறையின் கள்ளிப்பாறை மலையிலோ 2022இல். இனம் ஒன்று, இடைவெளி ஒன்று, ஆண்டு மட்டும் வேறு. பன்னிரண்டு என்னும் கணக்கு விதைக்குள் இருக்கிறது. எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பது அந்தந்த மலையில் முந்தைய விதை முளைத்த காலத்தைப் பொறுத்தது. கள்ளிப்பாறையில் இப்போது பூ இல்லை, வெறும் புதர்தான். பூவில்லாத அந்தப் புதர்களைக் காட்டவே பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லலாம், எதையும் பிடுங்கக் கூடாது என்று சொல்லி.