கண்டியூரில் நின்ற வண்டி

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. போன் போட்டு விசாரித்தவர்களுக்கு நன்றி. எனக்கு ஒன்றுமில்லை, வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

என்னுடையது 2004-இல் வாங்கிய மாருதி 800. அந்த மாடலையே 2014-இல் கம்பெனி நிறுத்திவிட்டது. பதினைந்து வருடம் முடிந்து 2019-இல் ஆர்.சி. புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அதை 5000 ஆக்கிவிட்டார்கள். அதனால் 2024-இல் மறுபடி புதுப்பிக்கப் போனபோது பையன் சென்னையிலிருந்து ஒரு பாட்டம் சத்தம் போட்டான். "தள்ளிவிடுங்கப்பா அதை." நான் காதில் வாங்கவில்லை. காரணம் அக்கா.

அக்காவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். அவர் இருப்பது திருவையாறு, ஆஸ்பத்திரி தஞ்சாவூரில். விடியற்காலை நான் போய் அழைத்து வந்து, முடிந்ததும் கொண்டு போய் விடுவேன். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாது.

போன மாதம், அதாவது மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டு மணி வெயில். கண்டியூர் தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பானட் இடுக்கில் ஆவி. ஓரங்கட்டி நிறுத்தினேன். அடியில் சொட்டுச் சொட்டாகச் செந்நிறத் தண்ணீர்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு தாண்ட வேண்டும். மூன்று தாண்டியாச்சு, இரண்டு பாக்கி. மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகவேண்டும், ஐந்திலும் வெறும் மணல். பின்சீட்டில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறந்து, "என்னடா தம்பி?" என்றார்.

"தண்ணி இல்லக்கா வண்டியில."

உடனே கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவருக்கு அனுமதி. காபி, ரசம், மாத்திரை விழுங்கும் வாய்த் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். அன்றைய பங்கு அந்த அரை லிட்டர் பாட்டில். "இந்தா இதை ஊத்து. நான் வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. "காணாதுக்கா" என்று சொல்லி, வந்த ஆட்டோவை மறித்து, டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினேன். டிரைவர் கைத்தாங்கலாக இறக்கி, வாசல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு எனக்குப் போனும் செய்தார். பாட்டிலைச் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார் அக்கா.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது. மூடி இறுக்கி வைத்திருக்கும் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். புளியமர நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டு ஓட்ட வேண்டாம் என்றார். இன்ஜினின் மேல் பாகம் அலுமினியம், சூட்டில் ஒருமுறை வளைந்துவிட்டால் செலவு வண்டி விலையைத் தொடும். கயிறு கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குப் போனோம்.

கோளாறு எங்கே என்றால், ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீரை வாட்டர் பம்ப்புக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாயில். இன்ஜினை ஒட்டிப் பின்பக்கமாக ஓடுவதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றுவதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சும்மா ஒரு குத்து குத்தினார், அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது.

"சார், கூலன்ட் ஊத்தறது இல்லையா?"

இல்லை. பதினைந்து வருடமாக இல்லை. 2009 வாக்கில் ஒருவர், "அது பனி விழற ஊருக்கு சார், நமக்கு எதுக்கு?" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. தஞ்சாவூரில் தண்ணீர் எங்கே உறையப் போகிறது? வீட்டு போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று எங்கள் வீட்டுப் பக்கெட்டின் உள்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும், சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளை படிந்திருக்கும்.

என்னிடம் படித்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மூன்று சோதனைக் குழாய், மூன்று ஆணி, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றில் சாதாரணத் தண்ணீர். இன்னொன்றில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே ஒரு அடுக்கு எண்ணெய். மூன்றாவதில் நீரற்ற கால்சியம் குளோரைடு. முதல் ஆணி மட்டும்தான் துருப்பிடிக்கும். கொதித்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் போய்விடுகிறது, எண்ணெய் புதிதாக உள்ளே விடாது. முப்பது வருடத்துக்கு மேல் வருடம் தவறாமல் செய்து காட்டியிருக்கிறேன்.

ரேடியேட்டருக்குள் தினமும் சூடேறும் தண்ணீரும் ஏறக்குறைய அந்த இரண்டாவது குழாய்தான். மூடியே இருந்தால் ஆக்சிஜன் தீர்ந்து துரு மட்டுப்படும். நான் என்ன செய்தேன்? வாரா வாரம் மூடியைத் திறந்து அரை சொம்பு புதுத் தண்ணீர். அதாவது புது ஆக்சிஜன், புது உப்பு. இரண்டாவது குழாயை வாரா வாரம் முதல் குழாயாக மாற்றியிருக்கிறேன். கூலன்டில் இருக்கும் கிளைகால் கொதிநிலையை உயர்த்தும், உறையாமல் காக்கும். நமக்கு அதைவிட முக்கியம், கூடவே கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துகள். அவையும் இரண்டு மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும், மாற்ற வேண்டும். இதையெல்லாம் மெக்கானிக் தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எட்டாவதோடு நின்றவராம். நான் என்ன பாடம் எடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு முறை டெக்னீஷியன் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் போகிறது. குடிக்கும் தண்ணீரைவிடச் சுத்தமாக ஆர்.ஓ. செய்துதான் விடுவார்களாம். நான் அதை வியந்து இந்தப் பக்கத்தில் ஒரு பதிவுகூடப் போட்டேன்.

மெக்கானிக் மூன்று வழி சொன்னார். ஓட்டையில் எம்-சீல் வைத்து ஓட்டலாம், பத்து நாள் தாங்கும். துருப்பிடித்த இடத்தை வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸ் சொருகலாம், ஒரு வருடம். புதுக் குழாய் என்றால் தஞ்சாவூரில் இல்லை, திருச்சியிலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டும். இடையில் ஞாயிறு. திங்கள்தான் வரும். செவ்வாய் விடிந்தால் அக்காவுக்கு டயாலிசிஸ். புதுசே போடுங்கள் என்றேன்.

திங்கள் மதியம் குழாய் வந்தது. பழைய குழாயைப் பம்ப்போடு பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் ஒன்று கழன்றது, மற்றது தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி சூடு காட்டி என்று இருட்டும் வரை அந்த ஒரு போல்ட். எட்டரை மணிக்கு வெளியே வந்தது. அதுவரை நான் பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த டாக்சிக்காரர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தேன். முகூர்த்த நாளாம், ஒருவரும் சிக்கவில்லை.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. புது ஓ-ரிங், புது ஹோஸ், புது கிளிப். எப்போதோ யாரோ சூடு குறையட்டும் என்று கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட் வால்வையும் போட்டார். தெளிந்து வரும் வரை தண்ணீர் விட்டு அலசி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் கடைசி அலசல், பிறகு கூலன்ட். காற்று வெளியேறுவதற்காக ஹீட்டரைத் திறந்துவிட்டு இன்ஜினை ஓட விட்டார். மே மாத இரவில் கார் ஹீட்டர்! சிரித்துக்கொண்டே வியர்த்தோம். பழைய குழாயை ஒரு பேப்பரில் சுற்றி வாங்கி வந்தேன். மேஜை மேல் இருக்கிறது.

செவ்வாய் காலை ஐந்து மணிக்குத் திருவையாற்றில் நின்றேன். அக்கா ஏறியதும் சீட்டில் கிடந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தார். நிரப்பி வைத்திருந்தேன்.

"வண்டியில தண்ணி இருக்காடா?"

"தண்ணி இல்லக்கா. பச்சையா மருந்து ஒண்ணு ஊத்தியிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு வரும்."

"அப்படி ஒண்ணு எனக்கும் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளு" என்றார்.

காவிரி, குடமுருட்டி தாண்டி, கண்டியூரில் அதே புளியமரம் வந்தபோது இரண்டு பேரும் பேசாமல் முள்ளைப் பார்த்தோம். பாதிக்குக் கீழே இருந்தது. வெண்ணாறு வருவதற்குள் அக்கா தூங்கிவிட்டார்.