கோடு சொன்னதும் சொல்லாததும்

வீட்டில் வாய்விட்டுப் பேசக் கூசும் ஒரு சங்கதியைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிகின்றேன். தாயும் மகளும், மாமியும் மருமகளும் படிக்கும் ஏட்டில் இதனை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். பெண்களின் குளிப்புக் கடமை பற்றிய ஐயத்தை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டுத் தெளிந்தார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணத்தைத் தடையாக்கிக் கொள்ளாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். இவை நினைவுக்கு வந்த பின்னரே பேனாவை எடுத்தேன்.

சென்ற ஆண்டு ரஜப் மாதம். இஷாத் தொழுகை முடிந்து கோட்டைமேட்டில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறுவயதில் என்னிடம் அலிஃப், பா ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். இப்போது கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் உலையருகே அவருக்கு வேலை. திருமணமாகி நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன, குழந்தை இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, தெருவில் எவரேனும் வருகின்றனரா என்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஒரு சங்கதி கேட்கோணுமுங்க, ஹஜ்ரத். இதைப் பயன்படுத்தலாமுங்களா? தவக்குலுக்கு மாறாகிப் போகுமுங்களா?"

மருந்துக் கடைகளில் 'ஓவுலேஷன் கிட்' என்னும் பெயரில் விற்கப்படும் சோதனை அட்டையின் விளக்கத் தாள் அது. கரு உண்டாவதற்கு ஏற்ற நாட்களைச் சிறுநீரைக் கொண்டு அறிவிக்கும் சாதனம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி கற்பித்த நபியின் உம்மத்தினர் நாம். நாளை அறிந்துகொள்வது கயிற்றைக் கட்டுவது போன்றது, கொடுப்பவன் அவனே. இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. சிறுநீர் அசுத்தம் ஆயிற்றே என்று கேட்டார். கையைக் கழுவ வேண்டும், ஆடையில் பட்டால் அந்த இடத்தைக் கழுவ வேண்டும், அட்டையைச் சுற்றிக் குப்பையில் இட வேண்டும். இதற்கெனக் குளிப்புக் கடமையாகாது என்றேன்.

தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். அகராதியின் துணையோடு படித்து, விளங்காதவற்றை எங்கள் பகுதிப் பெண் மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிந்தேன். சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுமுன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்னும் ஹார்மோனைத் திடீரென மிகுதியாகச் சுரக்கின்றது. அது சிறுநீரிலும் வெளிப்படும். அப்பெருக்கம் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். வந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தங்காது. ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை வாழக்கூடும். ஆகவே ஒரு மாதச் சுற்றில் கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறு. முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும் அவை. அட்டையில் சோதனைக் கோடு, ஒப்புநோக்கும் கோட்டுக்குச் சமமாகவோ அதனினும் அடர்த்தியாகவோ இருந்தால்தான் அந்நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். கர்ப்பம் அறியும் அட்டையில் மங்கலான கோடும் 'ஆம்' ஆகும். இதில் மங்கலான கோடு 'இன்னும் இல்லை' என்பதே.

மறுநாள் மாணவரிடம், எந்த நாளிலிருந்து எண்ணுகின்றீர்கள் என்று கேட்டேன். தலைக்குக் குளித்த நாளிலிருந்து என்றார். அங்கேதான் பிழை இருந்தது. நம் வீடுகளில் பெண்கள் சுத்தமாகிக் குளித்த நாளையே கணக்கின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். தாளில் முதல் நாள் என்பது உதிரம் தொடங்கிய நாள். இருபத்தெட்டு நாள் சுற்று உடையவர் பதினோராம் நாளில் சோதனையைத் தொடங்க வேண்டும். குளித்த நாளிலிருந்து பதினொன்று எண்ணினால் அது உண்மையில் பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ ஆகிவிடும். முட்டை வந்து போன பிறகு அதனைத் தேடிக்கொண்டிருந்திருக்கின்றனர், ஐந்து மாதங்களாக!

பதினாறு வயதில், வேலூர் பாக்கியாத்தில் குதூரி ஓதிய காலம் நினைவுக்கு வந்தது. ஹனஃபி மத்ஹபில் ஹைளு குறைந்தது மூன்று நாள், கூடியது பத்து நாள்; இரண்டு ஹைளுகளுக்கு இடையிலான தூய்மைக் காலம் குறைந்தது பதினைந்து நாள். பிழையின்றி ஒப்பித்தோம். ஆயினும் முட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னர் என்பதை நாங்கள் எவரும் அறிந்திருக்கவில்லை. அதனை ஜப்பானில் ஒகினோ 1924ஆம் ஆண்டிலும், ஆஸ்திரியாவில் க்னாஸ் 1928ஆம் ஆண்டிலும் தனித்தனியே எடுத்துரைத்திருக்கின்றனர்.

கணக்கைத் திருத்திக் கொடுத்தேன். ஷஅபானில் கோடு அடர்ந்து தெரிந்தது. அடுத்த மாதம் ரமளான். இம்மாதம் விட்டுவிடலாமா என்று கேட்டார். நோன்பின் இரவுகளில் கணவன் மனைவி கூடுவதைத் திருமறை அனுமதித்திருக்கின்றது. அவ்விடத்திலேயே, இறைவன் விதித்ததைத் தேடிக்கொள்ளுமாறு வரும் கட்டளைக்குச் சந்ததி என்று பொருள் உரைத்த முபஸ்ஸிரீன்கள் பலர் உண்டு. விட வேண்டியதில்லை என்றேன். ரமளானிலும் ஷவ்வாலிலும் துல்கஃதாவிலும் கோடு தவறாமல் வந்தது. குழந்தை உண்டாகவில்லை.

இங்கே என் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிழையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், அந்த அட்டையால் சொல்ல இயலாதது எவ்வளவு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. முட்டை வெளிவரும் அறிகுறியை மட்டுமே அது காட்டும். வந்ததை உறுதி செய்யாது. சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள சில பெண்களுக்கு எல்.எச். எப்போதும் மிகுந்திருப்பதால் கோடு பொய்யாக அடர்ந்து காட்டுவதும் உண்டு. கருக்குழாய் திறந்திருக்கின்றதா என்பது அதற்குத் தெரியாது. கணவனைப் பற்றியோ அது ஒரு சொல்லும் சொல்லாது. ஓராண்டு முயன்றும் கரு உண்டாகாவிடில், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் மருத்துவரைக் காண வேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி. நான்கு ஆண்டு கழிந்து வந்தவரை அன்றே மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டியவன் நான்.

துல்ஹஜ்ஜில் அவர் மீண்டும் வந்தார். "கோடெல்லாம் சரியா வருதுங்க, ஹஜ்ரத். ஆனாலும் அம்மா அவளை மலடின்னு சொல்லிட்டாங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. நீங்கள் சோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குனிந்த தலையை நான் நன்கு அறிவேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் அது என்னுடையதாக இருந்தது.

1994ஆம் ஆண்டில் எனக்கு நிக்காஹ் நடந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. என் இல்லாளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். வலியில் என் கையைப் பற்றிக்கொண்டே வீடு வரை வந்தாள். அவளிடம் குறை ஏதும் தென்படவில்லை என்று கூறிய மருத்துவர், எனக்கும் ஒரு சோதனை எழுதிச் சீட்டுத் தந்தார். அச்சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து குதூரிக் கிதாபின் நடுவே வைத்தேன். பிறகு எடுக்கவே இல்லை. ஆலிம் என்று ஊர் மதிக்கும் ஒருவன், அந்தச் சோதனைக்கூடத்தின் வாசலில் நிற்பதா என்ற எண்ணம். அதற்கு வெட்கம் என்று பெயரிட்டுக்கொண்டேன். அது பெருமை.

சில ஆண்டுகள் கழித்து என் தம்பி மகனின் அகீகா. குழந்தைக்கு முடி இறக்கும் நேரத்தில் மடியில் வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டினாள். "நீ வேண்டாம்மா" என்றார் ஒரு மூதாட்டி. அதே கூடத்தில் துஆ ஓதுவதற்காக நான் அமர்ந்திருந்தேன். அச்சொல் என் காதில் விழுந்தது. துஆவை ஓதி முடித்தேன், வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு மாணவரிடம் இவை அனைத்தையும் சொன்னேன். எவரிடமும் நான் சொல்லியிராதவை இவை. பிறகு எனக்குத் தெரிந்த அரபியைக் கொண்டு ஒன்று விளக்கினேன். 'அகீம்' என்று ஒரு சொல் உண்டு. ஷூரா அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் இறைவன், தான் நாடியவர்க்குப் பெண் மக்களையும் ஆண் மக்களையும் கொடுப்பதைக் கூறி, நாடியவரைப் பிள்ளைப் பேறு இல்லாதவராக ஆக்குவதையும் கூறுகின்றான். அங்கே வருவது இச்சொல்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். நம் தமிழில் மலடன் என்னும் சொல் அகராதியில் உறங்குகின்றது. மலடி என்னும் சொல்லோ தெருவில் திரிகின்றது. ஸகரிய்யா (அலை) அவர்கள் வாரிசு வேண்டி இறைஞ்சியதை மர்யம் அத்தியாயத்தில் ஓதிப் பாருங்கள். தம் எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்ததையுமே முதலில் முறையிடுகின்றார்கள். மனைவியின் நிலையைச் சொல்வது அதற்குப் பிறகே. எத்தனையோ முறை அதனை ஓதியிருக்கின்றேன். அந்த வரிசை எனக்கு உறைக்கவில்லை.

மாணவர் சோதனைக்கு இசைந்தார். மாதிரியை வீட்டிலேயே மனைவியின் துணையோடு எடுத்து, உடல் வெப்பம் குறையாமல் ஒரு மணி நேரத்திற்குள் கூடத்தில் சேர்க்கலாம் என்று மருத்துவர் சொன்னது அவருடைய கூச்சத்தைப் பெரிதும் குறைத்தது. முடிவு வந்தது: உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவு. மருத்துவர் முதலில் கேட்டது அவருடைய தொழிலைத்தான். உடலின் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைந்த நிலையில்தான் உயிரணு நன்கு உருவாகும். ஆண்டுக்கணக்கில் உலையருகே நிற்பது அதற்குத் தீங்கு செய்யக்கூடும் என்றார். வேறு காரணங்களையும் ஆராய்ந்து மருந்து தந்தார். உயிரணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால் பொறுமை வேண்டும் என்றும் சொன்னார். கோவையிலும் குறிச்சியிலும் உலையருகே நின்று உழைக்கும் நம் பிள்ளைகள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். குழந்தையின்மை காணப்படும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கின்றது. உலகில் வயது வந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் வாழ்வில் ஒருமுறையேனும் இக்குறையைச் சந்திப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது.

அம்முடிவை எடுத்துக்கொண்டு அவர் நேரே தம் தாயாரிடம் சென்றார். "அம்மா, குறை என்கிட்டத்தான் இருக்குது. அவளை இனி ஒரு சொல் சொல்லாதீங்க" என்று மனைவியின் முன்னிலையிலேயே சொன்னார். தாயார் அழுதார், பிறகு மருமகளை அருகே அழைத்து உட்கார வைத்துக்கொண்டார். இப்போது மாணவர் உலையை விட்டுப் பொருள் அனுப்பும் பிரிவுக்கு மாறியிருக்கின்றார். சிகிச்சை தொடர்கின்றது. குழந்தை இன்னும் உண்டாகவில்லை.

அவர் அதனை என்னிடம் சொன்ன இரவில் நான் உறங்கவில்லை. என்னிடம் ஓதியவர் ஒரே நாளில் செய்ததை முப்பது ஆண்டில் நான் செய்யவில்லை. எழுந்து குதூரியை எடுத்தேன். பழுத்துப்போன அச்சீட்டு அதே பக்கத்தில் இருந்தது. அதனை என் இல்லாளிடம் கொடுத்து, "குறை உன்னிடம் என்று ஊர் பேசியபோது நான் வாய் திறக்கவில்லை. அது என்னிடம் இருந்திருக்கலாம். என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவள் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, கிதாபுக்குத் தூசி தட்டுறது யாருன்னு நினைச்சீங்க? கல்யாணமாகி மூணாம் வருசமே பார்த்துட்டேனுங்க" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுபுஹுக்குப் பாங்கு சொல்லும் வரை இருவரும் விழித்திருந்தோம்.

பிள்ளை வேண்டிக் காத்திருக்கும் இல்லங்களுக்கு இறைவன் சாலிஹான மக்களை அருள்வானாக. காத்திருக்கும் பெண்களுக்குத் துணை நிற்கும் துணிவை அவர்தம் கணவர்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.