உழவு இயந்திரத்தின் ரயர்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை நாம் அவ்விடத்திற் பாதையேறியே அக்கரை சேர்ந்தோம். இன்று பாலம் உண்டு. ஆயினும் ரயர் கிழிந்த உழவு இயந்திரம் பாலம் ஏறாது. ஆதலால் அதனை வீட்டு வளவிலேயே மாற்றும் வழக்கம் படுவான்கரையில் நிலைத்திருக்கின்றது. அது வலிமையுடையார் வேலை என்றே பலரும் எண்ணுவர். பொறுமையுடையார் வேலை என்பதே நாம் கண்டது.

சென்ற ஐப்பசியில் எம் மைத்துனர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். எம் பகுதியிற் பெரும்போகத்திற்குப் புழுதியில் விதைப்போர் பலர். மழை முந்தினால் அவ்வாய்ப்புப் போய்விடும். வானம் கறுத்திருந்தது. விதைநெல் மூட்டைகள் திண்ணையிற் காத்திருந்தன. இயந்திரத்தின் பின் ரயரோ பக்கம் கிழிந்து, ரியூப் வெளியே பிதுங்கி நின்றது.

1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலிஸ் சால்மர்ஸ் நிறுவனத்தார் காற்றடைத்த ரயருடன் உழவு இயந்திரங்களை விற்கத் தொடங்குமுன், அவற்றுக்குப் பெரும்பாலும் இரும்புச் சில்லுகளே இருந்தன. ரயர் சறுக்காதிருக்க எடை வேண்டும். அதற்காகப் பின் ரியூப்பின் நாலில் மூன்று பங்குக்குத் தண்ணீர் நிரப்புவர். 12.4–28 அளவுள்ள ரயரில் அது ஏறத்தாழ 150 லீற்றர். 150 கிலோ எடை.

சாரதியான இளைஞன் வெறும் மணலில் ஜக்கை வைத்தான். நாற்பதாண்டு இயந்திரம் ஓட்டிய அயல்வீட்டு முதியவர், “பொறு மனே, மணல் ஜக்கை விழுங்கிப்போடும்” என்றார். தடித்த பலகை இடப்பட்டது. முன் சில்லுகளுக்கு இருபுறமும் கல் அணை கொடுக்கப்பட்டது. தூக்கியபின் அச்சின் கீழ் மரக்குற்றி நிறுத்தப்பட்டது. “ஜக்கு தூக்குறதுக்கு, தாங்குறது குற்றிதான்” என்றார் அவர். பின்னர் வால்வு கீழே வரும்படி சில்லைச் சுழற்றித் தண்ணீரை வடியவிட்டனர்.

பழைய ரயர் கழன்றது. புதியது ஏறியது. இரவல் பெற்ற இயந்திரத்தாற் காற்றடித்தபோது, ரயரின் விளிம்பு ஓரிடத்தில் வளையத்தோடு பொருந்தவில்லை. மழைத்துளி விழுந்தது. “இன்னும் அடி” என்றார் எம் மைத்துனர். இளைஞன் சில்லின்மேற் குனிந்தான்.

விளிம்பு பொருந்தாதபோது சதுர அங்குலத்திற்கு 35 இறாத்தலுக்கு மேற் காற்றேற்றல் ஆகாது. விளிம்பினுள்ளிருக்கும் கம்பி அறுந்து ரயர் வெடித்தால் அருகிருப்பவர் உயிருக்கே முடிவு. முதியவர் இளைஞனை விலக்கி, ஏற்றிய காற்று முழுவதையும் வெளியேற்றினார். “தம்பி, விதைப்பு நாளைக்கும் கிடைக்கும். இந்தப் பிள்ளை கிடைப்பானா?” என்று எம் மைத்துனரைக் கேட்டார். ஒருவரும் மறுமொழி கூறவில்லை.

விளிம்பிற் சவர்க்கார நீர் பூசி, எட்ட நின்று மீண்டும் காற்றடித்தனர். விளிம்பு ‘டக்’கென்று அமர்ந்தது. அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. எஞ்சிய மூன்று ஏக்கரும் பின்னர் சேற்றிலே விதைக்கப்பட்டன, செலவும் கூடியது. எம் மைத்துனர் அதுபற்றி இன்றுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

விதைப்புக் காலத்து அவசரம் எவ்வீட்டுக்கும் வரும். பலகையும் குற்றியும் சவர்க்கார நீரும் முன்னரே ஆயத்தமாயிருக்கட்டும். ‘பொறு’ என்று சொல்லத்தக்க ஒருவரும் அருகில் நிற்கட்டும். அவர் சொல்லைக் கேட்கும் மனமும் நமக்கு வாய்க்கட்டும்.