வாப்பா கட்டிய ரப்பர்



எங்கள் வாப்பாவின் மொரிஸ் மைனர் காரை உங்களில் பலருக்குத் தெரியும். 1948இலிருந்து 1971 வரை இங்கிலாந்தில் செய்த வகை. ஸ்ரீ இலக்கத் தகட்டோடு இன்றும் தலவாக்கலையில் ஓடுகிறது.

போன வருடம் உம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது, நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியர் விழவில்லை. கர்ரென்ற சத்தம், கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ். தம்பி இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தார். உம்மா கலிமா சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளச்சின் கார்பன் பெயாரிங் தேய்ந்து போயிருந்தது. கியர்பொக்ஸைக் கழற்றி மாற்றினோம். சில மாதங்களில் மறுபடியும் அதே கதை. விற்றுவிடலாம் என்று கூடப் பேசினோம்.

கடைசியில் ஒரு வயதான பாஸ் காருக்கடியில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பெடல் ஸ்பிரிங் எங்கே சேர்?" என்றார்.

ஸ்பிரிங் இல்லை. சைக்கிள் டியூப் துண்டுதான் இருந்தது. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சாமான் கிடைக்காத காலத்தில் வாப்பா கட்டியது. அவர் போட்ட முடிச்சு என்று நாங்கள் அவிழ்க்காமலே வைத்திருந்தோம்.

பாஸ் விளங்கப்படுத்தினார். கிளச்சுக்கு உள்ளே இருக்கிற பலமான ஸ்பிரிங்குகள் தட்டை இறுக்கிப் பிடிக்க. காலை எடுத்தால் அவை பெயாரிங்கைப் பின்னால் தள்ளும், ஆனால் முழுக்க விலக்காது. அந்தக் கடைசித் தூரத்துக்குப் பெடலை மேலே இழுப்பது வெளியில் இருக்கிற இந்தச் சின்ன ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் பெடலின் பாரத்தில் கார்பன் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். ரப்பர் தளர்ந்து பல காலம்.

புது ஸ்பிரிங்கை நாங்களே மாட்டினோம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தோம். இழுத்து மாட்டக் கை வரவில்லை. ஸ்பிரிங்கை வளைத்து வளைத்து சுற்றுகளுக்கிடையே சில்லறைக் காசு செருகச் சொன்னார் பாஸ். ஸ்பிரிங் தானாக நீண்டது. இரண்டு கொக்கியிலும் மாட்டிய பிறகு காசுகளைக் கழற்றினோம். பின்பு விரலால் பெடலை அழுத்திப் பார்த்தோம். முதலில் கொஞ்ச தூரம் பாரமில்லாமல் இறங்க வேண்டும். அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒருமுறை குனிந்து பாருங்கள். ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், கிளச்சில் கால் வைத்துக் காரைப் பிடிக்காதீர்கள். நாங்களும் அந்தப் பழக்கத்தை இப்போதுதான் விடுகிறோம்.

டியூப் துண்டை எறியவில்லை. முடிச்சோடு டேஷ்போர்டில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை உம்மா முன் சீட்டில் உட்கார்ந்து நுவரெலியா போய் வந்தார்.

வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்.